ட்ராப்பை உடைப்பது யார்: பந்தை வைத்திருப்பவனா, நடுவில் வாங்குபவனா?

எல்போ ஜம்பர்:

கூடைப்பந்தில் பிக் அண்ட் ரோல் என்றால் ஒருவன் டிஃபென்டரின் வழியை உடம்பால் மறித்து நின்று, அதாவது ஸ்கிரீன் வைத்து, பிறகு ரிங் பக்கம் ஓடுவது. அந்த ஸ்கிரீன் வந்து நின்ற உடனே இரண்டு டிஃபென்டர்களும் பந்து வைத்திருப்பவன் மேலேயே பாய்வார்கள் இல்லையா, பிளிட்ஸ், ட்ராப், ஹார்ட் ஹெட்ஜ் என்று கோச்சுக்கு ஒரு பெயர் சொல்வார்கள், அந்த டிஃபென்ஸை எப்படி ஆடுவது என்பதுதான் பேச்சு. மேட்ச் பார்க்கிறவர்கள் அந்த நேரத்தில் பந்து வைத்திருக்கிற கார்டைத்தான் திட்டுகிறார்கள். டிரிபிளை நிறுத்திவிட்டான், பயந்துவிட்டான், பாஸ் போடத் தெரியவில்லை. என் கட்சி வேறு. ட்ராப்பை உடைக்கிறவன் கார்டு இல்லை. ஸ்கிரீன் வைத்துவிட்டு ரிங் வரைக்கும் ஓடாமல் ஃப்ரீ த்ரோ லைன் பக்கத்திலேயே திரும்பி நின்று பந்தை வாங்குகிறானே, அந்த ஷார்ட் ரோல் ஆள்தான்.

கணக்கு எளிது. பந்து மேல் இரண்டு பேர் போய்விட்டால் பின்னால் மிச்சம் மூன்று டிஃபென்டர்கள், நம் ஆட்கள் நான்கு பேர். அந்த நாலுக்கு மூணை யார் நடத்துகிறார்கள்? கார்டு இரண்டு பேருக்கு நடுவே நிற்கிறான், அவனால் முடியாது. நடுவில் வாங்குகிறவன்தான் நடத்துகிறான்.

2014 என்பிஏ ஃபைனல்ஸைப் பாருங்கள். மயாமி ஹீட் 2012, 2013 இரண்டு வருஷமும் கோப்பை வாங்கியதில் இந்த டிஃபென்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. கிரிஸ் பாஷ் மூன்று பாயிண்ட் லைனுக்கு வெளியே வந்து கார்டை அடைப்பார், பின்னால் லெப்ரானும் வேடும் பாஸ் வருகிற பாதையில் காத்திருப்பார்கள். 2013 ஃபைனல்ஸில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ஏழாவது மேட்ச் வரை போய்த் தோற்றார்கள். அடுத்த வருஷம் அதே இரண்டு டீம், முதல் இரண்டு மேட்சில் ஆளுக்கு ஒன்று. மூன்றாவது மேட்சுக்கு ஸ்பர்ஸ் கோச் பாபோவிச் டியாகோ ஸ்ப்ளிட்டரை உட்காரவைத்துவிட்டுப் போரிஸ் டியாவை ஸ்டார்ட் செய்ய வைத்தார். அந்த மேட்சின் முதல் பாதியில் ஸ்பர்ஸ் 33 ஷாட் போட்டு 25 உள்ளே, 75.8 சதவீதம், 71 புள்ளி. ஃபைனல்ஸ் வரலாற்றில் ஒரு பாதியில் அப்படி யாரும் அடித்ததில்லை. நான்காவது மேட்சில் டியாவ் 8 புள்ளி, 9 ரீபவுண்ட், 9 அசிஸ்ட். அந்த சீரிஸில் ஸ்பர்ஸுக்கு அதிகமாக அசிஸ்ட் போட்டவர் டோனி பார்க்கர் இல்லை, டியாவ். சென்டர் இடத்தில், அதாவது உயரமான ஆள் ஆடுகிற இடத்தில், பாஸ் போடத் தெரிந்தவன் நின்றால் ட்ராப் செத்தது.

கார்டு நம்பர் 7:

எல்போ, நீங்கள் சொன்ன புள்ளிவிவரம் எல்லாம் சரி. அதிலிருந்து எடுக்கிற முடிவோடுதான் எனக்குச் சண்டை. டியாவ் கைக்குப் பந்து எப்படி வந்தது? ஸ்பர்ஸ் கார்டுகள் பார்க்கரும் ஜினோபிலியும் ட்ராப் மூடுவதற்கு அரை நொடி முன்னால் விட்டார்கள். அந்த அரை நொடி தாமதித்தால் பந்து பாஷ் கையில் படும், அங்கிருந்து எதிர்ப்பக்கம் லெப்ரான் தனியாக ஓடி டங்க் அடிப்பார். 2012-லும் 2013-லும் எத்தனை டீம் அப்படி அடிவாங்கியது என்று அப்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் எவ்வளவு பெரிய அறிவாளி நின்றாலும், பந்து மேலே தூக்கிப் போட்ட லாப் பாஸாக ஆடி அசைந்து வந்தால், அவன் வாங்கித் திரும்புவதற்குள் மூன்று பேரும் இடம் பிடித்துவிடுவார்கள். நாலுக்கு மூணு என்று நீங்கள் சொல்கிற அந்தச் சாதகம் ஒன்றிரண்டு நொடிதான் உயிரோடு இருக்கும், அதை உண்டாக்குவதும் வீணாக்குவதும் கார்டுதான்.

உதாரணம் வேண்டுமென்றால் 2023 ஃபைனல்ஸ், டென்வர் நக்கெட்ஸும் அதே மயாமியும். மூன்றாவது மேட்சில் ஜமால் மர்ரே 34 புள்ளி எடுத்தார். நான்காவது மேட்சில் மயாமி அவர் மேல் இரண்டு பேரை அனுப்ப ஆரம்பித்தது. மர்ரே என்ன செய்தார்? 15 புள்ளியோடு நிறுத்திக்கொண்டார், 12 அசிஸ்ட், டர்ன்ஓவர், அதாவது எதிர் டீமிடம் பந்தை இழப்பது, ஒன்றுகூட இல்லை. திரும்பச் சொல்கிறேன், ட்ராப்புக்கு எதிராக ஃபைனல்ஸில் ஒரு மேட்ச் முழுக்கப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டர்ன்ஓவர்கூட இல்லை. ஆரன் கார்டன் 27, புரூஸ் பிரவுன் 21. ஆட்டம் 108-95. பாய்ந்து வந்த இரண்டு பேரும் கை நீட்டுவதற்குள் பந்து போய்விட்டது. இதுதான் ட்ராப்பை உடைப்பது.

எல்போ ஜம்பர்:

மர்ரேவுக்குப் பக்கத்தில் நின்று ஸ்கிரீன் வைத்தவர் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. நிகோலா யோகிச். அவர் ஃப்ரீ த்ரோ லைனில் நிற்கிறார் என்றாலே பின்னால் இருக்கிற மூன்று பேருக்கும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், கார்டன் மேல் இருக்கிற டிஃபென்டர் உதவிக்கு வருவதா வேண்டாமா என்று தவிப்பார். கார்டனின் 27 புள்ளி அந்தத் தவிப்பிலிருந்து வந்தது.

நல்ல கார்டு இருந்தும் நடுவில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 பிளேஆஃப் முதல் சுற்று. போர்ட்லண்ட் மூன்றாவது இடம், நியூ ஆர்லியன்ஸ் பெலிகன்ஸ் ஆறாவது இடம். டேமியன் லில்லார்ட் அந்த சீசன் முழுக்க மேட்சுக்கு 26.9 புள்ளி எடுத்தவர். ஜூரூ ஹாலிடே ஒட்டிக்கொண்டே வர, ஸ்கிரீன் வந்தால் ஆண்டனி டேவிஸ் மாதிரி நீளமான கை உள்ளவர் மேலே ஏறி வர, லில்லார்ட் 18.5-க்கு இறங்கினார். நான்கு மேட்ச், நான்கும் தோல்வி. லில்லார்டுக்குப் பாஸ் போடத் தெரியாதா? போர்ட்லண்ட் சென்டர் நர்கிச் அப்போது நடுவில் வாங்கி உடனே முடிவெடுக்கிற ஆளாக இல்லை. பிரச்சினை அங்கே இருந்தது.

பழைய சென்டர்:

இரண்டு பேரும் நன்றாகப் பேசுகிறீர்கள், ஆனால் இரண்டு பேரும் கோர்ட்டில் இருக்கிற மற்ற மூன்று பேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கல்லூரிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், என்பிஏ ரசிகனும்தான், அதனால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்பிஏவில் டிஃபென்சிவ் த்ரீ செகண்ட் விதி இருக்கிறது. யாரையும் கையெட்டும் தூரத்தில் கார்ட் செய்யாமல் பெயின்டுக்குள், அதாவது ரிங்குக்கு முன்னால் இருக்கிற கட்டத்துக்குள், மூன்று நொடிக்கு மேல் சும்மா நின்றால் டெக்னிக்கல். அதனால் அங்கே ரிங்குக்கு முன்னால் ஒருவன் குடியிருக்க முடியாது. நம் ஊரில் ஆடுவது ஃபிபா, அதாவது சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பின் விதி, அதில் இந்தக் கட்டுப்பாடே கிடையாது. எதிர் டீமின் கடைசி ஆள், அதாவது லோ மேன், ஆரம்பத்திலிருந்தே பெயின்டுக்குள் காலை அகட்டி நிற்கலாம். ஷார்ட் ரோல் ஆள் பந்தை வாங்கித் திரும்பினால் நேர் எதிரே அவன். கூடவே இன்னொரு விதி: ஃபிபாவில் பந்தைக் கையில் பிடித்து நிற்கிறவனை ஒரு மீட்டருக்குள் ஒருவன் நெருக்கினால் 5 நொடிக்குள் பாஸோ ஷாட்டோ டிரிபிளோ செய்தாக வேண்டும். ட்ராப்பில் மாட்டி டிரிபிளை நிறுத்திய கார்டுக்கு ரெஃப்ரி கை வீசி எண்ணுவது கண் முன்னால் தெரியும், அப்போதுதான் குருட்டாம்போக்கில் ஒரு பாஸ் போகும்.

அதனால் நான் முதலில் கேட்கிற கேள்வி, ஸ்கிரீன் எங்கே, எந்தப் பக்கம் காலி. ஸ்கிரீன் நடக்கிற பக்கத்துக் கார்னரில் ஆளே வேண்டாம், மற்ற மூன்று பேரையும் எதிர்ப்பக்கம் அனுப்பிவிடுங்கள். அப்போது ட்ராப் வந்தால் ரோலரை, அதாவது ஸ்கிரீன் வைத்துவிட்டு உள்ளே இறங்குகிறவனை, தடுக்க வருகிறவன் பெயின்டைக் குறுக்கே தாண்டி வர வேண்டும். அவன் வருவது எல்லோருக்கும் தெரியும், வந்த உடனே அவன் விட்டுவிட்ட ஆள் கார்னரில் தனியாக இருப்பான். இது பாதி வேலையை முடித்துவிடுகிறது, டியாவும் வேண்டாம் யோகிச்சும் வேண்டாம்.

திருச்சி ஹூப்ஸ்:

ஒரு சின்னக் கேள்வி, நான் இப்போதுதான் ஆழமாகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். இவ்வளவு ஆபத்து என்றால் டிஃபென்ஸ் ஏன் ட்ராப் செய்ய வேண்டும்? ஸ்விட்ச் செய்துவிட்டுப் போகலாமே?

பழைய சென்டர்:

ஸ்விட்ச் செய்தால் உங்கள் சென்டர் எதிர் டீமின் மிக வேகமான ஆளை வெளியே தனியாகப் பிடிக்க வேண்டும், உங்கள் கார்டு எதிர் டீமின் மிக உயரமான ஆளை ரிங்குக்குக் கீழே பிடிக்க வேண்டும். அதற்குத் தகுந்த ஐந்து பேர் இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் பெரிய ஷூட்டர் கையிலிருந்து பந்தை வாங்கி வேறு யாராவது அடிக்கட்டும் என்று விடுவதுதான் ட்ராப். முதல் ஆளை நிறுத்திவிட்டு, நான்காவது ஆள் அடிக்கமாட்டான் என்று நம்புவது.

வளைகுடா வாரியர்:

சரி, இப்போது என் டீம் பேச்சு. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் இல்லாமல் இந்தத் தலைப்பு முடியாது.

எல்போ சொல்வதற்கு நேர் ஆதாரம் 2019 வெஸ்ட் ஃபைனல்ஸ். டுரான்ட் காயத்தில் வெளியே. முதல் மேட்சில் போர்ட்லண்ட் ட்ராப் செய்யவில்லை, சென்டர் பின்னால் இறங்கி நின்றார், ஸ்டெஃப் கரி 9 த்ரீ, 36 புள்ளி. சரி, இது வேலைக்காகாது என்று அடுத்த மேட்சிலிருந்து மேலே ஏறி வந்தார்கள். வந்த உடனே டிரேமண்ட் கிரீனுக்கு நடு வழி திறந்தது. மூன்றாவது மேட்சில் 20 புள்ளி, 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். நான்காவது மேட்சில் கரியும் டிரேமண்டும் இரண்டு பேருமே டிரிபிள் டபுள், அதாவது மூன்று கணக்கில் பத்து அல்லது அதற்கு மேல். 4-0.

ஆனால் 2015 ஃபைனல்ஸைச் சொன்னால் எல்போ கட்சிக்குச் சிக்கல். அதே டிரேமண்ட்தான். கிளீவ்லண்ட் கரி மேல் இரண்டு பேரை அனுப்பியது. முதல் மூன்று மேட்சில் டிரேமண்ட் நடுவில் பந்தை வாங்கி வாங்கித் தயங்கினார். 2-1 என்று கிளீவ்லண்ட் முன்னால். ஏன்? வாரியர்ஸ் சென்டர் ஆண்ட்ரூ போகட் வெளியிலிருந்து ஷாட் போடுகிறவர் இல்லை, அதனால் மோஸ்காவ் ரிங் பக்கத்திலேயே நின்றார். டிரேமண்ட் திரும்பினால் எதிரே ஏழடி உயரச் சுவர். நான்காவது மேட்சில் வாரியர்ஸ் கோச் ஸ்டீவ் கெர் போகட்டை எடுத்துவிட்டு இகுடாலாவை ஸ்டார்ட் செய்ய வைத்தார். 103-82. அதற்கப்புறம் கிளீவ்லண்ட் ஒரு மேட்சும் ஜெயிக்கவில்லை. நடுவில் வாங்குகிற ஆள் அதே ஆள், அவனுக்கு முன்னால் இருந்த இடம்தான் மாறியது. இந்த விஷயத்தில் பழைய சென்டர் அண்ணன் பக்கம் நான்.

எல்போ ஜம்பர்:

வாரியர் நண்பரே, அதே 2015-ல் ஒன்றை மறக்கிறீர்கள். மூன்றாவது மேட்ச் நான்காவது குவார்ட்டர். வாரியர்ஸ் பெரிய வித்தியாசத்தில் பின்தங்கியிருந்தபோது கெர் பெஞ்சிலிருந்து டேவிட் லீயை இறக்கினார். முந்தைய இரண்டு மேட்சிலும் கோர்ட்டுக்கே வராத ஆள். கரிக்கு ஸ்கிரீன் வைத்தார், ட்ராப் வந்தது, நடுவில் வாங்கினார், ஒரு டிரிபிள், பாஸ் அல்லது லேஅப். வித்தியாசம் உருகியது. மேட்ச் 96-91 என்று தோற்றாலும் வழி எங்கே என்று அந்தக் குவார்ட்டர் காட்டியது. அங்கே கார்டு மாறவில்லை, வாங்குபவன் மாறினான்.

அண்ணே, உங்களுக்கும் ஒன்று. காலி கார்னர் நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லோ மேன் குறுக்கே வருகிறான், கார்னரில் நம் ஆள் தனியாக நிற்கிறான், சரி, அந்தப் பாஸை யார் போடுவது? ட்ராப்பில் இருக்கிற கார்டு கண்ணுக்கு அந்தக் கார்னரே தெரியாது. நடுவில் நிற்பவன்தான் பார்த்துப் போட வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் என் ஆளிடம்தான் வந்து நிற்கிறீர்கள்.

அந்த ஆள் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உயரமான பையன் என்றாலே ரிங்குக்கு ஓடு என்றுதான் நம் ஊரில் சொல்கிறார்கள். பந்து கைக்கு வருவதற்கு முன்னாலேயே கண் லோ மேன் மேல் இருக்க வேண்டும், பந்து மேல் இல்லை. இரண்டு காலும் சேர்த்து ஜம்ப் ஸ்டாப், பந்து மார்புக்கு மேலே, கீழே இறக்கவே கூடாது, இறக்கினால் ட்ராப்பிலிருந்து திரும்பி ஓடிவருகிற கார்டு பின்னாலிருந்து தட்டிவிடுவான். லோ மேன் மேலே வந்தால் அவன் விட்ட ஆளுக்குப் பாஸ், அது கார்னரோ ரிங் பக்கமோ. வராமல் நின்றால் ஒரு டிரிபிள், ஃப்ளோட்டர், அதாவது அவன் கைக்கு மேலே தூக்கிப் போடுகிற ஷாட். இரண்டும் இல்லாமல் மேல் பக்கத்து டிஃபென்டர் உள்ளே நெருங்கினால் அவன் தலைக்கு மேல் ஸ்கிப் பாஸ். அவ்வளவுதான், முடிவு மூன்று. இதை ஒரு சென்டர் தினமும் பழகினால் ஒரு சீசனில் வந்துவிடும்.

கார்டு நம்பர் 7:

"கார்டு கண்ணுக்கு அந்தக் கார்னரே தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் போவது கார்டு தப்பான இடத்தில் ட்ராப் ஆனதால். இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து கத்துகிறேன்.

ட்ராப் என்பது வந்து விழுகிற மழை இல்லை, கார்டு அதை எங்கே எப்போது வரவைப்பது என்று தீர்மானிக்கலாம். முதல் விஷயம், சைடு லைன் பக்கமோ ஹாஃப் கோர்ட் லைனைத் தாண்டிய உடனேயோ ஸ்கிரீனை வாங்கவே கூடாது. அங்கே லைனே மூன்றாவது டிஃபென்டர். பின்னால் போனால் பேக் கோர்ட் வயலேஷன். இரண்டாவது, ஸ்கிரீன் வைக்கிறவனின் டிஃபென்டர் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவன் கால் ஸ்கிரீனுக்கு மேலே ஏறிவிட்டால் அவன் ட்ராப்புக்குத் தயார், அந்த நொடியில் ஸ்கிரீனைப் பயன்படுத்தாமலே எதிர்ப்பக்கம் போகலாம், அங்கே உதவிக்குப் பெரிய ஆள் கிடையாது. அல்லது ஸ்கிரீன் வைக்கிறவன் இடித்து நிற்காமல் அப்படியே உள்ளே நழுவிவிடலாம், ஸ்லிப். இந்த இரண்டிலும் ட்ராப் உருவாகவே இல்லை, நாலுக்கு மூணு என்று கணக்குப் போட வேண்டிய அவசியமும் இல்லை.

ட்ராப் வந்தேவிட்டது என்றால்? இரண்டு டிரிபிள் பின்னால் இழுக்க வேண்டும், சைடு லைன் பக்கம் இல்லை, நடுப்பக்கமாகச் சாய்த்து. பெரிய ஆள் துரத்தி வருவான். அவன் இடுப்பு திரும்பி, இரண்டு டிஃபென்டர்களுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி தெரியும் பாருங்கள், அப்போது பந்தைத் தரையில் தட்டி அதற்குள் பாஸ். அல்லது டிரிபிளோடு நாமே அந்த இடைவெளிக்குள் தோளைக் கொடுத்துப் புகுந்துவிடுவது. டிரிபிள் உயிரோடு இருக்கிற வரைக்கும் ட்ராப் பாதிதான். கரியும் மர்ரேவும் செய்வது இதைத்தான்.

லில்லார்ட் 2018 பற்றி: நர்கிச்சைக் குறை சொல்கிறீர்கள், ஆனால் ஹாலிடே ஸ்கிரீன் வருவதற்கு முன்னாலேயே லில்லார்டின் உடம்போடு ஒட்டியிருந்தார். முதல் டிஃபென்டர் பின்னால் விடுபடாமல் கூடவே வந்தால் இரண்டாமவர் வந்து நின்ற உடனே ட்ராப் முழுசாக மூடிவிடும். அது கார்டுக்கும் அவரைக் கார்ட் செய்தவருக்கும் நடந்த போர், அதில் ஹாலிடே ஜெயித்தார்.

வளைகுடா வாரியர்:

7, ஸ்கிரீனை இன்னும் மேலே வைத்தால் என்ன? கரிக்கு முப்பது அடிக்கு மேல் வெளியே ஸ்கிரீன் வைப்பார்கள். அங்கே ட்ராப் வந்தால் ட்ராப்புக்கும் ரிங்குக்கும் நடுவே அவ்வளவு பெரிய மைதானம், மூன்று பேரால் காக்கவே முடியாது.

பழைய சென்டர்:

கரிக்குச் சரி. அவரை அங்கே சும்மா விட்டால் அங்கிருந்தே அடிப்பார் என்பதால்தான் டிஃபென்ஸ் அவ்வளவு தூரம் வருகிறது. என் டீம் கார்டை முப்பதடி வெளியே விட்டுவிட்டு எல்லோரும் பெயின்டில் உட்கார்ந்துகொள்வார்கள். மீறி ட்ராப் வந்தாலும் அங்கிருந்து நடுவுக்குப் போட வேண்டிய பாஸ் நீளம், எங்கள் பையன்களின் நீளப் பாஸ் காற்றில் மிதக்கும், நடுவில் யாராவது ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடுவான்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என்பிஏ வீடியோ பார்த்துப் பேசும்போது ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகிறது: அங்கே ட்ராப் ஆகிற கார்டு பெரும்பாலும் ஆறடிக்கு மேல், ஒரு கையால் எங்கேயும் பாஸ் போடுகிற கை பலம். எங்கள் கார்டு ஐந்தரை அடி, அவன் முன்னால் ஆறடிப் பையன் இரண்டு கையையும் தூக்கினால் ரோலர் தலைகூட அவனுக்குத் தெரியாது. இடைவெளியைப் பார், தரையில் தட்டிப் போடு என்று நானும் சொல்லிக்கொடுக்கிறேன், பயிற்சியில் வருகிறது, மேட்சில் வருவதில்லை.

அதனால் நான் மூன்றாவது ஆளை வைத்துச் செய்கிறேன். ஸ்கிரீன் வைத்தவன் உள்ளே இறங்கும்போதே, எதிர்ப்பக்கத்து விங்கில் நிற்பவன் மேலே ஏறி வர வேண்டும், கார்டுக்குப் பக்கவாட்டில், கண்ணுக்கு நேராக. கார்டு செய்ய வேண்டியது ஒரு சாதாரணப் பக்கவாட்டுப் பாஸ், பதினைந்து அடி. அதை எட்டாம் வகுப்புப் பையனும் போடுவான். மேலே ஏறி வாங்கியவனுக்கு முன்னால் யாரும் இல்லை, அவன் கண்ணுக்கு ரோலர் தெளிவாகத் தெரிகிறான், அவன் உள்ளே போடுகிறான். ஒரு பாஸ் கூடுதல், ஆனால் இரண்டும் எளிய பாஸ். ட்ராப் செய்த இரண்டு பேரும் இன்னும் தப்பான இடத்தில்தான் நிற்கிறார்கள். ரோலரைப் பிடிக்க லோ மேன் வந்தால் கார்னர், மேலே ஏறியவனைப் பிடிக்க வேறு யாராவது ஓடினால் அவன் விட்ட இடம். எனக்கு இதில் பெரிய நட்சத்திரம் யாரும் தேவைப்படவில்லை.

கார்டு நம்பர் 7:

அண்ணே, மேலே ஏறி வருகிற அந்த ஆள் மேல் இருக்கிற டிஃபென்டர் நல்லவனாக இருந்தால் அந்தப் பக்கவாட்டுப் பாஸைத்தான் முதலில் வெட்டுவான். அதை எடுத்துவிட்டால் எதிரே யாரும் இல்லாமல் லேஅப். ஹீட் டீம் 2012-13-ல் பிழைத்ததே அந்தப் பாஸை வெட்டித்தானே.

பழைய சென்டர்:

சரியான கேள்வி. வெட்ட வந்தால் அவன் விட்டுவிட்டு வந்த ஆள் பின்பக்கமாக ரிங்குக்கு வெட்டி ஓட வேண்டும், கார்டுக்கு அது ரோலரைவிடத் தெளிவாகத் தெரியும். இரண்டு தடவை பேக் கட் வாங்கினால் மூன்றாவது தடவை வெட்ட வரமாட்டான். பக்கவாட்டுப் பாஸ் போடும்போது கார்டு குதிக்கவே கூடாது, இதை மட்டும் நான் விடாமல் கத்துவேன். குதித்துவிட்டால் மனசு மாறினாலும் பந்தை விட்டாக வேண்டும்.

திருச்சி ஹூப்ஸ்:

இதெல்லாம் படித்தபிறகு 2014 மூன்றாவது மேட்ச் முதல் பாதியை மறுபடி பார்த்தேன். கவாய் லெனர்ட்தான் என் கண்ணில் அதிகம் பட்டார், அந்த மேட்சில் 29 புள்ளி. அவர் ட்ராப்பில் எந்தப் பக்கமும் இல்லை, ஸ்கிரீனும் வைக்கவில்லை, பல தடவை ஓரத்தில் நின்று கடைசியில் பந்து வந்து அடிக்கிறார், அல்லது டிஃபென்டர் ஓடி வரும்போது தாண்டிப் போகிறார். இரண்டு பேரும் விவாதிப்பதில் இவர் எங்கே வருகிறார்?

வளைகுடா வாரியர்:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். அவர்தான் ஃபைனல்ஸ் எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர். 2015-ல் இகுடாலாவும் அப்படித்தான், கிளீவ்லண்ட் விட்டுவிட்டுப் போன ஆள், அவரும் எம்விபி. ட்ராப் செய்கிற டீம் யாரையாவது ஒருவரை விட்டே ஆக வேண்டும், அந்த ஆள் தண்டித்தால்தான் கதை முடியும். தண்டிக்காவிட்டால் டியாவ் நூறு பாஸ் போட்டாலும் அசிஸ்ட் கணக்கில் வராது.

எல்போ ஜம்பர்:

லெனர்ட், இகுடாலா எல்லாம் சரி, ஆனால் கடைசியில் அடிக்கிறவனை எல்லா டீமும் வைத்திருக்கிறது. மயாமிக்கு எதிராக 2013-லும் ஸ்பர்ஸிடம் டேனி கிரீன் இருந்தார், லெனர்ட் இருந்தார். அப்போது சீரிஸ் போனது, 2014-ல் ஐந்து மேட்சில் முடிந்தது, மேட்சுக்குச் சராசரி 14 புள்ளி வித்தியாசம். டியாவ் ஸ்டார்ட் செய்த மூன்று மேட்சும் 19, 21, 17 என்ற வித்தியாசத்தில் வந்த வெற்றி. பார்க்கர் 2013-லும் அதே பார்க்கர்தான், 7.

கார்டு நம்பர் 7:

ஸ்ப்ளிட்டர் ஸ்டார்ட் செய்த முதல் மேட்சையும் ஸ்பர்ஸ் 110-95 என்று ஜெயித்தார்களே, 15 புள்ளி வித்தியாசம். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

எல்போ ஜம்பர்:

அந்த மேட்சிலும் டியாவ் பெஞ்சிலிருந்து வந்து 30 நிமிடத்துக்கு மேல் ஆடினார். அதைப் பார்த்துத்தான் பாபோவிச் அவரை மேலே கொண்டுவந்தார்.

கார்டு நம்பர் 7:

லெப்ரானுக்குக் காலில் தசை பிடித்து அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த மேட்சில்தான், ஏசி ஓடாத அரீனா, நான்காவது குவார்ட்டர் அப்படித்தான் ஓடிப்போனது. அதை வைத்து டியாவுக்கு முழு மார்க் போட முடியாது. எனக்கு ஒரே ஒரு கேள்விக்கு நேர் பதில் வேண்டும் எல்போ. நாளைக்கு ஒரு டீம் உங்கள் கையில், ஒரு மாதம்தான் பயிற்சி. கார்டுக்கு ட்ராப்பிலிருந்து பின்வாங்கி வரக் கற்றுக்கொடுப்பீர்களா, சென்டருக்கு நடுவில் வாங்கி முடிவெடுக்கக் கற்றுக்கொடுப்பீர்களா?

எல்போ ஜம்பர்:

சென்டருக்கு. யோசிக்கவே மாட்டேன். நாலுக்கு மூணு, ஃப்ரீ த்ரோ லைனில் சென்டர் கையில் பந்தோடு ஆரம்பம், தினமும். கார்டு ட்ராப்பில் திணறினாலும் அண்ணன் சொன்ன பக்கவாட்டுப் பாஸ் அவனுக்கு இருக்கிறது. பந்து எந்த வழியில் வந்தாலும் நடுவில் நிற்பவன் முடிவெடுக்கத் தெரியாமல் நின்றால் அங்கேயே ஆட்டம் செத்துவிடும்.

கார்டு நம்பர் 7:

நான் கார்டுக்கு. இரண்டுக்கு இரண்டு, எப்போதும் ட்ராப், ஹாஃப் கோர்ட்டில் பாதி அகலம்தான் அனுமதி, டிரிபிளை நிறுத்தினால் பந்து எதிர் டீமுக்கு. ட்ராப் அவனைத் தொட முடியவில்லை என்று தெரிந்தால் இரண்டாவது குவார்ட்டரிலேயே எதிர் கோச் ட்ராப்பை எடுத்துவிடுவார், அப்புறம் உங்கள் சென்டர் நடுவில் வாங்க வேண்டிய தேவையே வராது.

பழைய சென்டர்:

எல்போ, உங்கள் நாலுக்கு மூணில் ஒரு மாற்றம் செய்யுங்கள். ட்ராப் செய்த இரண்டு பேரையும் ஹாஃப் கோர்ட் லைனில் நிற்கவைத்து, சென்டர் பந்தைத் தொட்ட நொடியில் அவர்களையும் திரும்பி ஓடிவரச் சொல்லுங்கள். நானும் முதலில் அவர்கள் இல்லாமல்தான் நடத்துவேன், பையன்கள் நிதானமாக மூன்று முடிவையும் யோசித்து எடுப்பார்கள், மேட்சில் அந்த நிதானத்துக்கு இடமே கிடையாது. 7, உங்கள் பயிற்சிக்கு அந்தப் பாதி அகலம் நல்ல யோசனை, இந்த வாரம் செய்து பார்க்கிறேன், ஆனால் பக்கவாட்டில் ஒரு ஆளை நிறுத்திவைத்து அவனுக்குப் பாஸ் போட அனுமதி கொடுப்பேன்.